கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்: நன்கொடையை எதில் போடுவது?

வரப்போரம் எழுதியது:

வணக்கம். நாங்கள் ஏழு நண்பர்கள், ஒன்றாகப் படித்தவர்கள், இப்போது ஆளுக்கொரு வேலையில் இருக்கிறோம். மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்க உதவலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். எல்லாம் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். ட்யூஷனுக்கு வழியில்லை, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. எங்களில் நாலு பேர் அதே மாதிரி வீட்டிலிருந்து வந்தவர்கள்தான். முதல் இன்டர்வியூவில் கேள்வி புரிந்தும் பதில் வாயில் வராமல் வியர்த்து நின்றவர்கள். அதனால் இதை வெறும் தர்மக் காரியமாக நாங்கள் நினைக்கவில்லை.

பணம் சேர்ந்துவிட்டது, யோசனைதான் ஒன்றுசேரவில்லை. ஸ்மார்ட் போர்டும் சில டேப்லெட்டும் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர். நன்றாகப் படிக்கும் ஐந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்து ஃபீஸ் கட்டிவிடுவோம், ஐந்து குடும்பமாவது நிச்சயமாகத் தலையெடுக்கும் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், வாரக் கடைசியில் நாமே மாறி மாறிப் போய்ப் பாடம் எடுக்கலாம் என்கிறார். மூன்றுமே நியாயமாகத்தான் படுகிறது. இதில் இறங்கிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். செய்துவிட்டு வருத்தப்படுவதைவிட முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

கரும்பலகை எழுதியது:

முன்கூட்டியே கேட்டதற்கு நன்றி தம்பி. பெரும்பாலும் எல்லாம் வாங்கி முடித்த பிறகுதான் பள்ளிக்கு வந்து சொல்வார்கள். நான் 19 வருஷமாகத் தொடக்கப் பள்ளி ஆசிரியை, இதுவரை மூன்று பள்ளி பார்த்தாயிற்று.

முதலில் ஒரு பாடப்புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆங்கிலப் பாடத்தைத் தங்குதடையில்லாமல் வாசிப்பாள். பள்ளியைப் பார்க்க வருகிறவர்கள் அசந்துபோவார்கள். ஒருநாள் அவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு ஆங்கில வரிக்கும் அடியில், பென்சிலால், தாய்மொழி எழுத்தில், பொடிப்பொடியாக உச்சரிப்பு எழுதியிருந்தது. அக்கா எழுதித் தந்தாளாம். என்னிடம் இருந்த புத்தகத்தில் அதே பாடத்தைத் திறந்து, நடுவில் ஒரு வரியைத் தொட்டுக்காட்டி, இதை வாசி என்றேன். அவள் வரியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. அவள்மேல் என்ன தப்பு? மூன்று வருஷத்தில் ஒருவர்கூட அவளிடம் நடுவிலிருந்து ஒரு வரியைக் கேட்டதில்லை, நானும் சேர்த்துத்தான்.

அதனால் நான் உங்களிடம் கேட்பது, அந்தப் பிள்ளைகள் தாய்மொழியில் ஒரு பத்தியை வாசிக்கிறார்களா என்பதைத்தான். போய்த் திண்ணையிலோ மரத்தடியிலோ உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டுப் பாருங்கள். பத்துப் பைசா செலவில்லை. அது தெரியாமல் டேப்லெட்டா ஃபீஸா என்று பேசுவது, நாடி பார்க்காமல் மருந்து எழுதுகிற மாதிரி.

அப்புறம் ஸ்மார்ட் போர்டு. முந்தைய பள்ளியில் ஒன்று வந்தது. மேலே ஒட்டியிருந்த பாலித்தீன் உறையைக் கடைசிவரை யாரும் உரிக்கவில்லை. ரிமோட் பீரோவுக்குள், பீரோ சாவி இன்னொருவரிடம். கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்ற பயம் எல்லோருக்கும். பழுதானால் யாரைக் கூப்பிட வேண்டும், அந்தச் செலவு யாருடையது என்று கொடுத்தவரும் சொல்லவில்லை, வாங்கிய நாங்களும் கேட்கவில்லை.

கணக்கேடு எழுதியது:

கல்விக்கு உதவும் அறக்கட்டளைகளின் வரவு செலவைப் பார்ப்பது என் வேலை. டீச்சர் சொன்னதை வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பெரு நாட்டில் 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தை 319 கிராமப்புறப் பள்ளிகளில் வைத்து ஆராய்ந்தார்கள், அறிக்கை 2012இல் வந்தது. ஏறக்குறைய 15 மாதம் கழித்துப் பார்த்தபோது கணக்கிலும் சரி மொழிப் பாடத்திலும் சரி, மதிப்பெண் உயர்ந்ததற்கு அடையாளமே இல்லை. பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கையாளத் தெரிந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் வாங்கியது அதற்காக மட்டும் இல்லையே.

இதைவிட என்னை உலுக்கியது கென்யா. 1990களின் நடுவில் அந்த நாட்டின் மேற்குப் பகுதியில், டச்சுத் தொண்டு நிறுவனம் ஒன்று கிராமப் பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம் வாங்கிக் கொடுத்தது. அதுவரை அங்கே பல பிள்ளைகளுக்குப் புத்தகமே கிடையாது. நம்மில் யாராக இருந்தாலும் இதைவிட நல்ல காரியம் எது என்றுதான் நினைப்போம். மைக்கேல் கிரெமரும் அவரோடு இருந்தவர்களும் அளந்து பார்த்தார்கள் (2019இல் பொருளாதார நோபல் பெற்ற மூவரில் ஒருவர் அவர்). சராசரி மதிப்பெண் அசையவே இல்லை. ஏற்கெனவே முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் மட்டும் முன்னேறினார்கள். காரணம், புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அங்கே பல பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு மொழி, அடுத்து சுவாஹிலி, அதற்கப்புறம்தான் ஆங்கிலம். புத்தகம் மடியில் இருந்தது, அதைத் திறக்கிற சாவி இல்லை.

கொடுப்பவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிற பொருள் பிடிக்கும். அதில் பெயர் எழுதலாம், பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம், ரசீது ஒரே தாளில் முடிந்துவிடும். ஆறு வருஷம் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தோம் என்பதற்குப் படம் எடுக்க முடியாது. நான் பார்த்த கணக்குகளில் பொருளுக்குப் போன பணம்தான் அதிகம், ஆளுக்குப் போனது குறைவு. அந்த விகிதத்தைத் திருப்பிப் போடுங்கள் என்பதுதான் என் யோசனை.

பழையமாணவன் எழுதியது:

ஐந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் யோசனையைப் பற்றி நான் பேசலாம். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவன் நான்.

மூன்றாம் வகுப்பு முடித்ததும் ஒரு புண்ணியவான் என்னையும் இன்னும் இரண்டு பேரையும் ஆங்கில வழிப் பள்ளிக்கு அனுப்பினார். இன்றைக்கு நான் இருக்கிற நிலைமைக்கு அவர்தான் காரணம், அந்த நன்றி சாகும்வரை இருக்கும். ஆனால் முதல் இரண்டு வருஷம் நான் வகுப்பில் ஊமை. அறிவியல் பாடத்தில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. அதுவரை முதல் ரேங்க் வாங்கியவன் கடைசி பெஞ்சுக்குப் போனேன். கூட வந்த இரண்டு பேரில் ஒருவன் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டான், ஆங்கிலமும் இல்லை, விட்டுப்போன பழைய பாடமும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உதவுகிறவர் வரும் நாளுக்காக எனக்கு ஓர் ஆங்கிலப் பேச்சு மனப்பாடம் செய்யவைத்தார்கள். நன்றி சொல்கிற பேச்சு. கைதட்டினார்கள், சாக்லேட் கொடுத்தார்கள். அதில் 'கிரேட்ஃபுல்' என்று ஒரு சொல் வரும். அதற்கு அர்த்தம் நன்றியுள்ள என்று நாலு வருஷம் கழித்து ஒரு அகராதியில் தற்செயலாகப் பார்த்தேன். அன்றைக்கு மேடையில் நின்ற சின்னப் பையனை நினைத்து அழுதுவிட்டேன். நண்பர்களே, தயவுசெய்து உங்களை வரவேற்க எந்தப் பிள்ளையையும் பேச வைக்காதீர்கள்.

ஊருக்குப் போனால் என் பழைய வகுப்புத் தோழர்கள் என்னோடு விளையாட வரமாட்டார்கள். அவர்களும் 28 பேர் இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை.

நீர்முள்ளி எழுதியது:

நண்பர் சொல்வது மனசைத் தொடுகிறது, ஆனாலும் ஃபீஸ் கட்டுவதை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். என் தங்கை அப்படிப் படித்துத்தான் நர்ஸ் ஆனாள். அவளுக்கு உதவியவர் வெறும் ஃபீஸ் கட்டவில்லை, முதல் வருஷம் முழுக்க மாலையில் தனியாகச் சொல்லித்தரவும் ஒருவரை ஏற்பாடு செய்தார். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அவளும் பாதியில் திரும்பியிருப்பாள். வித்தியாசம் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மண்வாசம் எழுதியது:

எப்படிச் செய்வது என்று எல்லோரும் பேசுகிறீர்கள், எதற்காக என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆரம்பக் கல்விக்குத் தாய்மொழியே சிறந்தது என்று யுனெஸ்கோ 1953லேயே புத்தகம் போட்டுச் சொல்லிவிட்டது. சொந்த மொழியில் நாலு வரி எழுத வராத பிள்ளைக்கு அயல்மொழியைத் திணிப்பது உதவியா? அந்தப் பணத்தில் தாய்மொழியில் நல்ல கதைப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். பிள்ளை சிரித்துக்கொண்டே படிக்கும். ஆங்கிலம் தெரியாததால் தான் மட்டம் என்கிற எண்ணம் ஒரு பிள்ளைக்குள் நுழைந்தால், அது எந்த மொழியையும் கற்கவிடாது. நான் இதைக் கோபத்தில் சொல்லவில்லை, என் அக்கா மகன் இப்படித்தான் படிப்பை விட்டான்.

பழையமாணவன் எழுதியது:

அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் என் அம்மா மாத்திரை அட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எதைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது, எதைப் பின்னால் போடுவது என்று கேட்க. படிவம், வேலை அறிவிப்பு, மேல்படிப்புப் புத்தகம் எல்லாம் எந்த மொழியில் வருகின்றன? வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் எப்படியும் கிடைத்துவிடும். இல்லாத வீட்டுப் பிள்ளையிடம் மட்டும் உனக்கு அது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

கரும்பலகை எழுதியது:

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறீர்கள், வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள். ஆங்கிலத்தைக் கற்பது ஒன்று, எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் கற்பது இன்னொன்று. பெற்றோர் கேட்பது முதலாவது, அவர்கள் தலையில் கட்டப்படுவது இரண்டாவது. தம்பி வகுப்பில் ஊமையாக உட்கார்ந்திருந்தது அந்த இரண்டாவதால்தான்.

மண்வாசம் அவர்களே, தாய்மொழிக் கதைப் புத்தகம் வாங்கச் சொன்னீர்களே, ஆங்கிலத்துக்கே அதுதான் முதல் படி. வாசிக்கக் கற்பது ஒருமுறைதான் நடக்கிறது. இந்தக் கிறுக்கலுக்குள் ஒரு சத்தம் இருக்கிறது, சத்தங்கள் சேர்ந்தால் எனக்குத் தெரிந்த ஒரு சொல் வரும் என்கிற அந்தப் பொறி ஒரு மொழியில் தட்டிவிட்டால், அடுத்த மொழிக்கு அது கூடவே வரும். ஜிம் கம்மின்ஸ் என்கிற கனடா ஆய்வாளர் 1979லேயே இதை விளக்கி எழுதினார். அந்தப் பொறி தட்டாத பிள்ளையிடம் ஆங்கிலத்தை நீட்டினால் என்ன ஆகும்? 'சி' என்கிற ஆங்கில எழுத்து, பூனையைச் சொல்லும் 'கேட்'டில் ஒரு மாதிரி, நகரத்தைச் சொல்லும் 'சிட்டி'யில் ஒரு மாதிரி. பெரியவர்களுக்கே குழப்பம். பிள்ளை பயந்து, படத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிடும், இல்லையென்றால் பென்சிலால் அடியில் எழுதி வைத்துக்கொள்ளும்.

வரப்போரம் எழுதியது:

இவ்வளவு பேர் மனசுவிட்டு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சரி, பொருள் வேண்டாம், ஆளுக்குக் கொடு என்கிறீர்கள். யாருக்கு? நகரத்திலிருந்து நல்ல ஆங்கிலம் பேசும் ஆசிரியர் அந்தக் கிராமத்துக்கு வரமாட்டார், வந்தாலும் தங்கமாட்டார். ஊரிலேயே பன்னிரண்டாவது முடித்த பெண்கள் சிலர் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கே ஆங்கிலம் தடுமாற்றம்தான். எங்கள் வாரக் கடைசி யோசனையைப் பற்றியும் யாரும் சொல்லவில்லையே?

மழைக்காகம் எழுதியது:

வாரக் கடைசிக்கு நான் பதில் சொல்கிறேன். நாங்கள் நாலு பேர் எட்டு வாரம் போனோம். பாட்டு, விளையாட்டு, வண்ண அட்டை, பிள்ளைகள் எங்களை விடவே இல்லை. ஒன்பதாவது வாரம் ஒருவருக்கு வேலை மாற்றம், இன்னொருவருக்குத் திருமணம், எனக்கும் ஆபீஸில் நெருக்கடி. ஒரு வாரம் விட்டோம், அது இரண்டானது, அப்புறம் போகவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து அந்த வழியாகப் போனபோது ஒரு பெண் ஓடிவந்து, நாங்கள் கொடுத்த நிற அட்டையைக் காட்டினாள். ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. "அடுத்த அட்டை கொண்டு வரேன்னு சொன்னீங்களே" என்றாள். என்னால் அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உங்களால் வருஷக்கணக்கில் வாரம் தவறாமல் போக முடியும் என்றால் போங்கள். இல்லையென்றால் போகவேண்டாம்.

கணக்கேடு எழுதியது:

அந்தப் பன்னிரண்டாவது முடித்த பெண்கள்தான் உங்கள் விடை.

மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் அமைப்பு நடத்திய பால்சகி திட்டத்தைப் படித்துப் பாருங்கள். அந்தந்தப் பகுதியிலேயே பள்ளிப் படிப்பு முடித்த இளம் பெண்களைச் சேர்த்து, சில நாள் பயிற்சி கொடுத்து, பின்தங்கிய பிள்ளைகளைச் சிறு குழுவாகப் பிரித்து தினமும் இரண்டு மணி நேரம் அவர்களிடம் விட்டார்கள். 2007இல் வெளியான ஆய்வில், அடிமட்டத்தில் இருந்த பிள்ளைகள்தான் அதிகம் முன்னேறினார்கள் என்று தெரிந்தது. அது ஆங்கிலம் இல்லை, அடிப்படை வாசிப்பும் கணக்கும்தான், அதுவும் நகரத்தில் நடந்தது. ஆனாலும் தினமும் வரும், பிள்ளையின் வீட்டை அறிந்த, விட்டுவிட்டுப் போகாத ஒருவர் என்பது எங்கேயும் பொருந்தும். அதோடு, உங்கள் பணம் ஊருக்குள்ளேயே ஒரு பெண்ணின் சம்பளமாக இறங்குகிறது. அவளைப் பார்த்து அடுத்த பிள்ளைகள் படிப்பார்கள்.

சம்பளம் கௌரவமாக இருக்கட்டும். 'ஊக்கத்தொகை' என்று பெயர் வைத்துக் குறைத்துக் கொடுத்தால், அடுத்த வேலை கிடைத்ததும் போய்விடுவாள், போவதுதான் அவளுக்கும் நியாயம். ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் போய்ச் சேர வேண்டும். உங்களில் ஒருவருக்கு வேலை போனாலும் நிற்காமல் இருக்க, ஆறு மாதச் சம்பளத்தை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள்.

கரும்பலகை எழுதியது:

அவளுக்கே ஆங்கிலம் தடுமாற்றம் என்றீர்களே தம்பி, அது நிஜமான கவலைதான், தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் ஒன்றாம் இரண்டாம் நிலைப் பிள்ளைக்குச் சொல்லித்தர ஷேக்ஸ்பியர் வேண்டாம். ஆங்கிலம் பெரிய மொழியாக இருந்தாலும், அடிக்கடி வருகிற சொற்கள் கொஞ்சம்தான். மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953இல் ஏறக்குறைய 2000 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் வெளியிட்டார். சாதாரணமாக எழுதப்படும் ஆங்கிலத்தில் நூற்றுக்கு எண்பது சொல் அதற்குள்ளேயே அடங்கிவிடும். தொடக்கப் பள்ளிக்கு அதில் கால்பங்கு திடமாக வந்தாலே பெரிய விஷயம்.

இந்த வெஸ்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர் யோசித்தது நம் பிள்ளைகளைப் பற்றித்தான். 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். வங்காளத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் படிப்பைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்பதைக் கவனித்தார். இன்ஷூரன்ஸ் பாலிசியைப் பாதியில் நிறுத்தினால் சரண்டர் வேல்யூ என்று ஏதோ கைக்கு வருமே, அந்த வார்த்தையையே எடுத்துப் படிப்புக்குப் பொருத்தினார். நாலாம் வகுப்போடு நின்றுபோகும் பிள்ளைக்கு, அதுவரை படித்த ஆங்கிலத்தில் என்ன தேறும்? இலக்கண விதி பாதி தெரிந்தால் எதற்கும் உதவாது. ஆனால் எளிய ஆங்கிலத்தை வாசிக்கத் தெரிந்துவிட்டால், நின்ற பிறகும் அது கூடவே இருக்கும், தானாக வளரவும் செய்யும். இதனால்தான் அவர் சொற்களை எண்ணி எண்ணிச் சேர்த்து வாசிப்புப் புத்தகங்கள் எழுதினார். நூறு வருஷம் ஆகிறது, இன்றும் நம் பள்ளிக்கூடங்களில் பிள்ளை பாதியில் நிற்பான் என்று எண்ணி யாரும் பாடம் அமைப்பதில்லை.

அப்புறம் ஃபிஜி. தீவுகளில் சின்னச் சின்னக் கிராமப் பள்ளிகள், புத்தகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, வீட்டில் ஆங்கிலம் கிடையாது. 1980ஐ ஒட்டி எல்லி, மங்குபாய் என்ற இருவர் எட்டுப் பள்ளிகளுக்குத் தலா 250 ஆங்கிலக் கதைப் புத்தகம் கொடுத்தார்கள். பாடப்புத்தகம் இல்லை, படமும் வேடிக்கையும் உள்ள கதைகள். நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். சில பள்ளிகளில் தினமும் பிள்ளைகள் அமைதியாகத் தாங்களே வாசித்தார்கள், சில பள்ளிகளில் ஆசிரியர் பெரிய புத்தகத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு சேர்ந்து வாசித்தார். எட்டு மாதத்தில் வாசிப்பும் கேட்டுப் புரிந்துகொள்வதும் வழக்கமான வேகத்தைப்போல் இரண்டு மடங்கு வளர்ந்திருந்தது. அவர்கள் அங்கே இருந்த ஆசிரியர்களைக் கொண்டேதான் செய்தார்கள். ஆங்கிலத்தில் புலமை பெற்றவர்களை எங்கிருந்தும் இறக்குமதி செய்யவில்லை.

கென்யாவிலும் புத்தகம்தான், ஃபிஜியிலும் புத்தகம்தான். ஒன்று பிள்ளையின் தலைக்கு மேலே போனது, இன்னொன்று பிள்ளையின் கைக்கு எட்டியது.

உச்சரிப்புக்கு வழி இருக்கிறது. கதையை நன்றாகப் படிக்கும் ஒருவர் பதிவு செய்து கொடுத்தால் போனில் போட்டுக் காட்டலாம். கென்யாவிலேயே 1980களின் தொடக்கத்தில் வானொலி வழியாக ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார்கள், கேள்வி கேட்டுவிட்டு வானொலி கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், பிள்ளைகள் சத்தமாகப் பதில் சொல்வார்கள். ஆசிரியருக்கும் அதுவே பயிற்சி. உங்கள் வாரக் கடைசி நண்பர் பிள்ளைகளிடம் போகவேண்டாம், அந்தப் பெண்ணிடம் பேசட்டும். வாரத்தில் இரண்டு நாள், போனில் அரைமணி நேரம், அடுத்த வாரக் கதையைச் சேர்ந்து வாசிப்பது. அவள் பிள்ளைகளைவிட ஒரு படி முன்னால் இருந்தால் போதும், படி ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாசகசாலை எழுதியது:

சின்ன நூலகம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன், புத்தகத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

பழைய புத்தகம் சேகரிக்காதீர்கள். நல்ல மனசோடுதான் கொடுப்பார்கள், ஆனால் மூட்டையைப் பிரித்தால் நுழைவுத்தேர்வு கைடு, தடிமனான நாவல், பனிமலையில் சறுக்கும் பையனின் கதை. எங்களுக்கு வந்த ஏழு அட்டைப்பெட்டியில் எட்டு வயதுப் பிள்ளை தொடக்கூடியது 11 புத்தகம். மீதியைத் தூக்கிப் போடவும் மனசு வராமல் அலமாரி அடைந்து கிடந்தது.

பிள்ளைக்குப் பொருந்துமா என்று பார்க்க எளிய வழி: ஒரு பக்கத்தைத் திறந்து அதையே வாசிக்கச் சொல்லுங்கள், தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். சந்தோஷமாகத் தானே வாசிக்க, நூறு சொல்லுக்கு 98 தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள் சொல்வளத்தை ஆராய்ந்தவர்கள். முதல் வருஷத்துக்கு ஒரு பக்கத்துக்கு ஒரே வரி உள்ள புத்தகம்தான் வேண்டும், பெரியவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கும். பிள்ளைக்கு அப்படி இல்லை. ஒரு முழுப் புத்தகத்தை முடித்தேன் என்று அதை மார்போடு வைத்துக்கொண்டு நடக்கிற நடையைப் பார்க்க வேண்டும்.

வாங்கவே வேண்டாம் என்றால் ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது, பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கியது. வாசிப்பு நிலைவாரியாகக் கதைகள், ஒரே கதை பல மொழிகளில், அச்சடித்துக்கொள்ள அனுமதியும் உண்டு. ஒரு கதையைத் தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் அடித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலில் தாய்மொழியில் சிரித்த இடத்தில், ஒரு மாதம் கழித்து ஆங்கிலத்திலும் சிரிப்பார்கள். மண்வாசம் அவர்களுக்கும் இது பிடிக்கும்.

இன்னொன்று, புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். கிழியும். நனையும். தம்பி தங்கை கிறுக்கும். கிழியாத புத்தகம் யாரும் தொடாத புத்தகம்.

மண்வாசம் எழுதியது:

இரண்டு மொழியும் சேர்த்து என்றால் எனக்கு மறுப்பில்லை. அச்சுச் செலவில் என் பங்கும் இருக்கட்டும். தாய்மொழிக் கதைகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையை எனக்குக் கொடுங்கள்.

கணக்கேடு எழுதியது:

கிளம்புவதற்கு முன் இரண்டு விஷயம். தொடங்கும் நாளன்று டீச்சர் சொன்ன மாதிரி ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள்: எழுத்து, சொல், வரி, பத்தி. நாலு மாதத்துக்கு ஒருமுறை அதே மாதிரி, ஆனால் வேறு பத்தி. யார் நகரவில்லை என்பதைப் பாருங்கள், முதலில் வந்தவனைப் பாராட்ட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கை நன்றாக வரவில்லை என்றால் பணத்தை நிறுத்திவிடுவோம் என்கிற பயம் அந்தப் பெண்ணுக்கு வந்துவிடக் கூடாது. வந்தால் உங்களுக்கு நல்ல எண்ணிக்கைதான் வரும், உண்மை வராது.

அடுத்தது பாதுகாப்பு. வெளியாள் யாரும் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது, நீங்கள் உட்பட. பெயரோடு பிள்ளைகளின் படத்தை எங்கேயும் போடாதீர்கள். ஏழை என்று எழுதி ஒரு பிள்ளையின் முகத்தைப் போட்டால், அது பெரியவனாகி வேலை தேடும்போதும் அந்தப் படம் எங்கேயாவது இருக்கும்.

வரப்போரம் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மூன்று பேர் போனோம். வேப்பமரத்தடியில் பாய் போட்டு, மூன்றாம் நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 31 பேரிடமும் கேட்டோம், வகுப்பு ஆசிரியை கூடவே இருந்தார். தாய்மொழியில் பத்தி வாசித்தவர்கள் 12 பேர். ஆங்கிலத்தில் ஒரு முழு வரியை வாசித்தவர்கள் நாலு பேர். ஃபீஸ் கட்டலாம் என்று சொன்ன எங்கள் நண்பர் திரும்பி வரும்போது வண்டியில் ஒன்றுமே பேசவில்லை. இறங்கும்போது, "அந்த அஞ்சு பேரை யாருன்னு நான் எப்படிடா தேர்ந்தெடுப்பேன்" என்று மட்டும் கேட்டான்.

டேப்லெட் யோசனையையும் விட்டாயிற்று. ஊரிலேயே இரண்டு பெண்கள் விருப்பம் சொல்லியிருக்கிறார்கள், ஒருத்தி கல்லூரியில் தபால் வழியாகப் படிக்கிறாள். இரண்டு பேரையும் வைத்துக்கொள்ளலாமா, ஒருத்திக்கே நல்ல சம்பளம் கொடுக்கலாமா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. 31 பிள்ளைகளுக்கு ஒருத்தி போதாது என்றுதான் எனக்குப் படுகிறது.

தலைமையாசிரியர் எங்களிடம் அதிகம் கேட்கவில்லை. என்ன வாங்கித் தருவீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. எத்தனை வருஷம் இருப்பீர்கள் என்றார். மூன்று வருஷம் என்று நாங்கள் பெருமையாகச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பாயில் உட்கார்ந்திருந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "இவங்க அஞ்சாவது முடிச்சு அடுத்த பள்ளிக்குப் போறப்ப நீங்களும் போயிடுவீங்க, அடுத்து வர்ற ஒண்ணாவதுக்கு?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. இப்போது ஏழு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம், ஒதுக்கிய தொகையை எட்டு வருஷத்துக்கு எப்படி நீட்டுவது என்று. இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் இரண்டு பெண்களுக்கும் எட்டு வருஷச் சம்பளம் வந்துவிடும்.

கரும்பலகை எழுதியது:

இரண்டு பேரையும் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. ஒருத்திக்கு உடம்பு சரியில்லாத நாளில் வகுப்பு நிற்காது, ஒருத்திக்குச் சந்தேகம் வந்தால் இன்னொருத்தியைக் கேட்பாள். ஒருவரின் சம்பளத்தில் கால்பங்கு நான் மாதாமாதம் அனுப்புகிறேன். பத்தி வாசிக்காத 19 பேருக்கும் முதலில் தாய்மொழி, மற்ற 12 பேருக்கு ஆங்கிலக் கதை, தினமும் ஒரு மணி நேரம், எல்லோரும் சேர்ந்து பாட்டும் பேச்சும் ஆங்கிலத்தில் கால்மணி நேரம். முதல் மூன்று மாதத்துக்கான பாடக்குறிப்பைக் கையால் எழுதி வைத்திருக்கிறேன், படம் எடுத்து அனுப்புகிறேன். அந்தப் பெண்களின் நம்பரைத் தனி மெசேஜில் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே பேசுகிறேன்.